ஒச்சம்மா பறித்த காட்டு நெல்

ஒச்சம்மாவுக்குத் தன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. மை தீட்டி மினுக்குகிற கண் இல்லை அது; களை பறிக்கிற கண். நடவு முடிந்து முழங்கால் உயரம் வளர்ந்த வயலில், பயிரும் களைநெல்லும் ஒரே பச்சையாக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல நிற்கும். மற்றப் பெண்கள் குனிந்து, தாளின் அடியைப் பிரித்து, சிவப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கை வைப்பார்கள். ஒச்சம்மா வரப்பில் நின்றபடியே விரலை நீட்டுவாள். "அந்தா, அது. அதுக்கு ஒட்டுனாப்புல நிக்கிறதுந்தான்." போய்ப் பிரித்துப் பார்த்தால் அடித்தண்டு சிவந்துதான் இருக்கும்.

களைநெல்லுக்கு அவளும் அவள் கூடக் களையெடுக்கும் பெண்களும் வைத்திருந்த பெயர் திருட்டு நெல். பெயரில் தப்பே இல்லை. பயிரோடு பயிராக நின்று உரத்தைத் தின்னும், தண்ணீரைக் குடிக்கும், அறுவடைக்கு நாலு நாள் இருக்கும்போது தன் மணிகளை எல்லாம் சேற்றில் உதிர்த்துவிட்டு வெறும் காம்பாக நின்று இளிக்கும். உதிர்ந்த மணியாவது அடுத்த மழைக்கே முளைத்துத் தொலையுமா என்றால், அதுவும் இல்லை. மண்ணுக்குள் படுத்துத் தூங்கி, தனக்கு இஷ்டப்பட்ட வருஷத்தில்தான் எழுந்து வரும். இப்படி ஒரு ஜென்மத்தோடு மல்லுக்கட்டியே ஒச்சம்மாவின் பாதி வயது போயிற்று.

மல்லுக்கட்டத் தொடங்கிய இடம் அவளுடைய சொந்த வயல். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஒச்சம்மா பிறந்தது அங்கே. முத்துராஜைக் கட்டிக்கொண்டு, பெரிய தீவில் கராச்சர்மா ஊரைத் தாண்டி இந்த ஓடைக்கரைக்கு வந்தபோது, வீட்டை ஒட்டி ஒரு துண்டு வயல் இருந்தது. நெல் என்ற ஒன்றை அவள் முதன்முதலாக நட்டது, பறித்தது, திட்டியது எல்லாம் அதில்தான். பிறகு கடல் பொங்கிய அந்த டிசம்பரில் நிலமே கீழே இறங்கிவிட்டது. அன்று முதல் பௌர்ணமி, அமாவாசை வந்தால் போதும், ஓடை வழியாகக் கடல் ஏறி வந்து வயலில் நிற்கிறது. திருட்டு நெல்லும் போயிற்று, நல்ல நெல்லும் போயிற்று. புல்கூட மனமில்லாமல்தான் முளைத்தது. வயலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும், அதனால் பெரும்பாலும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

முத்துராஜ் பாராடாங் படகுத்துறையில் வண்டிகளை ஏற்றி இறக்கும் ஃபெரியில் வேலை செய்தான், வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவான். ஒச்சம்மா அக்கம்பக்கத்து வயல்களுக்குக் களையெடுக்கப் போனாள். அப்படித்தான் உதயா அவளைப் பிடித்தாள்.

உதயா ஷாதிபூர்ப் பெண். முப்பாட்டனார், இந்தத் தீவில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் வந்து சேர்ந்தவர், குடும்பத்தில் தமிழைவிட இந்தி அதிகம். நெல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு திட்டத்தில் வேலை. அதற்காக ஓடைக்கு மேல்புறம், மேட்டில் நாலைந்து வயல்களைக் குத்தகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ரகம் போட்டிருந்தாள். ஒச்சம்மாவும் அவள் தோழி சித்ராவும் அங்கே வாரம் மூன்று நாள் களையெடுத்தார்கள். கூலி போக, பறித்த களை பறித்தவளுக்கே சொந்தம் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒச்சம்மா வீட்டுச் செவலைப் பசு அந்த வழக்கத்தால்தான் கொழுத்துக் கிடந்தது.

மழை ஓய்கிற சமயம். சித்தி மகள் கல்யாணத்துக்கு உதயா திக்லிபூர் கிளம்பினாள். கிளம்புகிற அவசரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஒச்சம்மா அக்கா, நான் வர்றதுக்குள்ள எல்லா வயலும் பக்கா சுத்தமா இருக்கணும். களைநெல் ஒண்ணுகூட விடாதீங்க. டீக் ஹை?"

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க மேடம். ஒண்ணு விட்டேன்னா என் பேர மாத்திக்கிறேன்."

பேரை மாற்றிக்கொள்ள வேண்டி வரவில்லை. அதைவிட மோசமாக நடந்தது.

மறுநாள் நாலு வயலை முடித்துவிட்டு, கோடியில் மூங்கில் புதருக்குப் பின்னால் இருந்த சின்னத் துண்டுக்கு இருவரும் போனார்கள். அதை உதயாவே தன் கையால் நட்டிருந்தாள். ஒச்சம்மா அங்கே காலே வைத்ததில்லை. அவள் நட்டு வைத்திருந்த பெயர்ப் பலகை காற்றில் சாய்ந்து சேற்றுக்குள் முகம் புதைத்துக் கிடந்தது. அதை யார் பார்த்தார்கள்? ஒச்சம்மா பார்த்ததெல்லாம் துண்டு முழுக்கத் திருட்டு நெல். தரையோடு படர்ந்து கிளைத்த தாள்கள், சிவந்த அடி, கதிரில் விரல் நீளத்துக்கு மயிர் போன்ற கூர், கறுத்த மணிகள். ஒன்றிரண்டு கதிர்களில் நுனி மணி ஏற்கனவே உதிர்ந்திருந்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அடிப்பாவி, இந்தப் பொண்ணு இத கவனிக்கவே இல்லையே! இப்படியே விட்டா எல்லா வயலையும் முழுங்கிருமே!"

சித்ரா கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, இது வரிசையா நட்டாப்புல இருக்கே?"

"திருடனுங்க வரிசையில நின்னா போலீசாயிருவானுங்களா? புடுங்கு!"

பொழுது சாய்வதற்குள் துண்டு மொட்டையாகிவிட்டது. ஒரு வேர் மிச்சமில்லை. மேடம் வந்து பார்த்தால் அசந்துபோவாள் என்று ஒச்சம்மாவுக்கு ஒரே குஷி. பெரிய பெரிய கட்டாகக் கட்டி, தலையில் ஏற்றி, இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வேரில் அப்பிய சேற்றோடு போட்டால் செவலை வாய் வைக்காது. அதனால் தன் உப்பு வயலின் வரப்பில் கட்டுகளை ஓங்கி ஓங்கி அடித்துச் சேற்றை உதிர்த்தாள். சேற்றோடு மணிகளும் பொலபொலவென்று உதிர்ந்தன.

"நெல்லு கொட்டுதுக்கா. நம்ம வயல்ல மொளைச்சிராது?" என்றாள் சித்ரா.

"இந்த மண்ணுல பேய்கூட மொளைக்காது. கொட்டட்டும்," என்று சிரித்தாள் ஒச்சம்மா. செவலை விடிய விடிய அசைபோட்டது.

உதயா திரும்பி வந்த அன்று, ஒச்சம்மா அவளை நேராகக் கோடித் துண்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள். பரிசைப் பிரித்துக் காட்டுகிறவள் மாதிரி கையை விரித்து, "பாத்தீங்களா மேடம்!" என்றாள்.

உதயா பார்த்தாள். கல்யாணத்துக்கு இட்ட மருதாணி அவள் கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அரே அக்கா... யே க்யா கியா? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்றாள். "இது களை இல்ல. காட்டு நெல். பாராடாங்ல ஓடைக்கரையில ஒரே ஒரு பள்ளத்துல இருந்தது. கடல் தண்ணி வந்து போற பள்ளம். உப்புலயே நின்னு பூத்துச்சு. ரோடு அகலம் பண்ணும்போது அந்தப் பள்ளத்தையே மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடி நான் எடுத்து வந்த வெதை மொத்தத்தையும் இங்கதான் போட்டேன். உதிர்ற மணியப் பிடிக்க நாளைக்குக் கதிருக்கு வலைப்பை கட்டலாம்னு..."

"மிச்சம் வெதை?"

"வச்சுக்கலை. எல்லாத்தையும் போட்டுட்டேன். என் புத்தி."

"களையாட்டம்தானே மேடம் இருந்துச்சு?" என்றாள் ஒச்சம்மா.

"இருக்கும். ரெண்டும் சொந்தக்காரங்க. வயல் நெல்லு வீட்டுப் புள்ள. காட்டு நெல்லு, அந்தப் புள்ளையோட முன்னோர். களைநெல்லு வீட்ட விட்டு ஓடிப்போய்க் காட்டோட சேந்த புள்ள. மூணுக்கும் முகஜாடை ஒண்ணுதான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் காட்டு நெல்லோட உப்புத் தாங்குற குணத்த வீட்டு நெல்லுக்கு ஏத்தணும்னுதான் இவ்வளவும். உங்க வயல் மாதிரி வயலுக்குத்தான் அக்கா."

இந்தக் கடைசி வார்த்தை ஒச்சம்மாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"எங்க போட்டீங்க அதெல்லாம்?"

"மாடு தின்னுருச்சு."

உதயா படித்தவள், ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒச்சம்மா வீட்டுக்கு ஓடினாள். இரண்டு பேருமாகச் செவலையின் பின்னால் காத்து நின்று, போட்ட சாணத்தை எல்லாம் வாரி, தண்ணீரில் கரைத்துக் கொசுவலையில் அலசினார்கள். செவலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்பதுபோல் வாலைச் சுழற்றிக்கொண்டது. கிடைத்தது உமி. பறித்த துண்டின் சேற்றையும் அலசினார்கள். அதில் கிடைத்த சில மணிகளை உதயா தொட்டியில் ஊன்றினாள். வந்ததெல்லாம் குட்டையான கூரோடு கதிர்விட்ட சாதாரணக் களைநெல், முந்தின வருஷத்துச் சேற்றில் தூங்கிக் கிடந்தது. சாணம் அலசிய அன்றே, கட்டு அடித்த வரப்புக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தாள் ஒச்சம்மா. அன்று அமாவாசை. வயல் முழுக்கக் கடல் நின்றது, மேலே நுரை மிதந்தது. உதயா காலி பக்கெட்டோடு திரும்பிவிட்டாள்.

முத்துராஜிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பாராடாங்கில் ஃபெரி நிற்கிற நேரமெல்லாம் ஓடை ஓடையாக இறங்கித் தேடினான். "ஜல்லியும் தாருந்தான் இருக்கு. ஒரு தாளுகூட இல்ல," என்று ஒவ்வொரு வாரமும் வந்து சொன்னான்.

உதயா திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. மேலதிகாரியோடு போனில் பேசும்போது, "பலகை விழுந்தத பாக்காதது என் தப்பு சார், சொல்லாம போனதும் என் தப்பு," என்று சொன்னாள். ஒச்சம்மாவின் பேரை எடுக்கவே இல்லை. வரப்பில் நின்று அதைக் கேட்ட ஒச்சம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று சித்ராவிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுடைய கண் கெட்டுப்போயிற்று. வரப்பில் நின்று விரல் நீட்டுவது போச்சு. குனிந்து, தாளைப் பிரித்து, இரண்டு தடவை பார்த்து, அப்போதும் கை வைக்கப் பயந்தாள். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று சித்ரா கேலி செய்தாள். பழைய ஒச்சம்மாவாக இருந்தால் அவளை வரப்பிலிருந்து தள்ளிவிட்டிருப்பாள்.

"எனக்கு வயசாயிருச்சு போல மேடம். பயிரும் களையும் ஒண்ணாவே தெரியுது."

"வயசு இல்ல அக்கா," என்றாள் உதயா. "நீங்க வித்தியாசமா இருக்கறத எல்லாம் புடுங்கிடறீங்க. பயிர் மாதிரியே இருக்கறது தப்பிச்சுக்குது. அடுத்த வருஷம் அதோட புள்ளைங்க வருது. அதுலயும் பயிர் ஜாடை இருக்கறது தப்பிக்குது. இத்தன வருஷமா உங்க கண்ணுக்குப் பயந்தே அது வேஷம் போடக் கத்துக்கிட்டுது. ஒரு வகையில அத வளத்ததே நீங்கதான்."

"போங்க மேடம். நான் பெத்தது ரெண்டு பொண்ணு. இதையும் என் தலையில கட்டாதீங்க," என்றாள் ஒச்சம்மா. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் உதயா, காட்டு நெல் இல்லாமல் திட்டம் இந்த வருஷத்தோடு முடிந்துவிடும், மெயின்லேண்டில் வேறு வேலை பார்க்க வேண்டும் என்றாள். ஒச்சம்மாவுக்குச் சிரித்தது கூடத் தப்பு என்று தோன்றியது.

வெயில் காலம் போய், ஜூனில் மழை பிடித்தது. தொடர்ந்து பெய்த மழை விட்ட ஒரு காலை, செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு உப்பு வயலுக்குள் இறங்கிவிட்டது. அங்கே இதற்கு என்ன இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒச்சம்மா பின்னால் போனாள். செவலை குனிந்து எதையோ மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

வரப்போரமாக, கட்டு அடித்த இடத்தில், சிதறலாகப் பத்துப் பன்னிரண்டு பச்சைத் தூர்கள். கணுக்கால் அளவு தண்ணீரில் தரையோடு படர்ந்து நின்றன. ஒச்சம்மாவின் கை யோசிக்கவில்லை. முப்பது வருஷத்துப் பழக்கம். குனிந்தாள், பிடித்தாள், ஒன்றைப் பிடுங்கிவிட்டாள். அடித்தண்டு சிவப்பாக இருந்தது. இரண்டாவதைப் பிடித்த கை அப்படியே நின்றது.

தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கரித்தது.

"ஆத்தாடி!" என்று கத்தினாள். பிடுங்கியதை அதே குழியில் வைத்து, இரண்டு கையாலும் சேற்றை அணைத்து, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் தட்டினாள். பிறகு செவலையின் முதுகில் ஒன்று வைத்தாள், பாவம், அது வாங்கிய முதல் அடி. முன்பு ஒரு தடவை தின்றதற்கும் சேர்த்து வைத்தாள்.

போனில் சொன்னதும் உதயா அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமலே வயலில் இறங்கினாள். உட்கார்ந்து ஒவ்வொரு தூராகப் பார்த்தாள்.

"இதேதானா மேடம்?"

"தெரியலை அக்கா. கதிர் வந்தாத்தான் சொல்ல முடியும். உங்க கண்ணு என்ன சொல்லுது?"

"என் கண்ணக் கேக்காதீங்க. அது கெட்ட பேரு வாங்கின கண்ணு."

அதற்குப் பிறகு அந்த உப்பு வயலுக்கு வந்த யோகம் ஊரில் வேறு எந்த வயலுக்கும் வரவில்லை. முத்துராஜ் மூங்கில் வெட்டி வேலி கட்டினான். செவலை சித்ரா வீட்டுத் தொழுவத்துக்கு நாடு கடத்தப்பட்டது. ஒச்சம்மா தினமும் வயலில் இறங்கி, தூர்களைச் சுற்றி முளைத்த புல்லைப் பறித்தாள். புல்லைப் பறித்துப் போட்டுவிட்டுத் திருட்டு நெல்லை விட்டுவைப்பது அவள் பிறவியில் இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கடல் ஏறி வந்து தூர்களை மூழ்கடிக்கும்போது வரப்பிலேயே நின்றாள். தண்ணீர் வடிந்ததும் அவை சேறு பூசிய தலையை நிமிர்த்தின. இரண்டு தூர் அழுகிப் போனபோது சாப்பாடு இறங்கவில்லை. அவள் பிடுங்கி நட்ட தூர் மட்டும் எல்லாவற்றையும்விடச் செழிப்பாக வளர்ந்தது, அவளை மன்னித்துவிட்டது மாதிரி. உதயா மெயின்லேண்ட் வேலைக்கு இன்னும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

மழை ஓய்கிற சமயம் மறுபடி வந்தது. கதிர் வெளியே தலை நீட்டிய செய்தியைக் கேட்டு உதயா கையில் பூதக்கண்ணாடியும் பை நிறைய வலைப்பைகளுமாக வந்தாள். ஒச்சம்மா தள்ளி நின்றாள். கிட்டே போகப் பயமாக இருந்தது. மாரியாத்தா, சாதாரணக் களையாக இருந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டாள். களைநெல்லாக இருக்கக் கூடாது என்று வேண்டுகிற வேண்டுதலை அவள் ஆயிரம் தடவை செய்திருக்கிறாள், ஆனால் இப்படி இல்லை.

உதயா ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். விரல் நீளக் கூர். குறுகிய கறுத்த மணி. நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

"அதேதான் அக்கா. பாராடாங் நெல்லேதான்."

ஒச்சம்மா அழுதாள். இந்தத் தடவை வேர்வை என்று யாரிடமும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "நான் அன்னைக்கே நெனச்சேன்," என்றாள். சித்ரா பின்னாலிருந்து, "என்னத்த நெனச்சீங்க, பேய்கூட மொளைக்காதுன்னு தானே சொன்னீங்க?" என்றாள். அதையும் ஒச்சம்மா பெருந்தன்மையாக விட்டுவிட்டாள்.

உதயாவும் ஒச்சம்மாவும் ஒவ்வொரு கதிராக வலைப்பை மாட்டிக் கட்டத் தொடங்கினார்கள். இந்தத் தடவை விதையை மூன்று பங்காகப் பிரித்து மூன்று இடத்தில் வைக்கப்போவதாக உதயா சொன்னாள். ஒன்று போனாலும் மற்றது இருக்கும். அடுத்த பருவம் வீட்டு நெல்லோடு சேர்க்கிற வேலை, அதற்குப் பிறகு சில வருஷம், அப்புறம் இந்த வயலிலேயே நட்டுப் பார்க்கலாம் என்றாள். சில வருஷம்தானே என்று நினைத்துக்கொண்டாள் ஒச்சம்மா. கடல் நின்ற வருஷங்களை விடவா?

கடைசியாக மிஞ்சியது அவள் பிடுங்கி நட்ட தூர். உதயா பையை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் குனிந்தாள். கை பட்டதும் நுனி மணி ஒன்று கழன்று, சேற்றில் விழுந்து, மறைந்தது. ஒரு காலத்தில் அதைப் பார்த்தால் ஒச்சம்மாவின் வாயில் என்னென்ன வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

"இது ஒண்ண மட்டும் கட்டாதீங்க மேடம்," என்றாள்.

"ஏன் அக்கா? எல்லாம் உதிர்ந்துடும்."

"உதிரட்டும். அது பாட்டுக்கு இந்த மண்ணுல உதிர்ந்து கெடக்கட்டும். நம்ம ரெண்டு பேரு கையையும் நம்ப முடியாது."